டெபுடி கலெக்டர் ஆரம்பித்த கணக்குச் சங்கம் உண்மையில் என்ன வேலை செய்தது?

கணக்கு டீச்சர் | செவ்வாய் இரவு 9:12

வணக்கம். திருக்கோவிலூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள் வருகிறது. வருடா வருடம் ராமானுஜன் படத்துக்கு மாலை, 1729 டாக்சி கதை, பிள்ளைகளுக்கு மிட்டாய், அதோடு சரி. இந்த வருடம் எங்கள் ஹெச்.எம். கணித மன்றம் ஒன்று தொடங்கி வருடம் முழுக்க நடத்தச் சொல்லிவிட்டார்.

முதல் கூட்டத்தில் என்ன பேசலாம் என்று தேடியபோதுதான் எங்கள் ஊர் பெயர் கண்ணில் பட்டது. 1910-ல் இங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவராம். இருபது வருடமாகத் தாலுகா ஆபீஸ் வழியாகத்தான் பஸ் ஏறுகிறேன், இது தெரியாமல் போய்விட்டது.

என் சந்தேகம் இதுதான். ஜமாபந்தியும் பட்டாவும் பார்க்கிற அதிகாரிக்குக் கணிதக் கழகத்தில் என்ன வேலை? அந்தச் சங்கம் அன்றாடம் என்ன செய்தது? மாநாடு, தலைவர் உரை, குரூப் போட்டோ, இவ்வளவுதானா? பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய சார்ட்டர் | செவ்வாய் இரவு 11:40

டீச்சர், இந்தக் கேள்விக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான். பி.எஸ்சி. கணிதம் படித்தேன், வேலை பார்த்தது ஆர்.எம்.எஸ்.ஸில். ரயில்வே மெயில் சர்வீஸ். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே தபால் பிரிக்கிற வேலை, அதைத்தான் சார்ட்டிங் என்போம். 1985-ல் திருச்சியில் ராமானுஜன் கணிதக் கழகம் என்று ஒன்று தொடங்கினார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் அதுவும் ஆர்.எம்.எஸ்.தான். அந்தப் பெயரில் முதலில் ஒரு நோட்டீஸைப் பார்த்தபோது எங்கள் யூனியன் கூட்டம் என்றே நினைத்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்கிற கழகத்தின் ஆரம்ப வேலையே தபால் வேலைதான்.

1906 கடைசி. ராமசாமி ஐயர் அப்போது அனந்தப்பூர் ஜில்லா குத்தி என்ற ஊரில் டெபுடி கலெக்டர். கணிதத்தில் பைத்தியமாக இருந்தவர். மாணவனாக இருக்கும்போதே லண்டனில் வந்த 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழுக்குக் கணக்குகள் எழுதி அனுப்புவார். இவ்வளவு எழுதுகிறவர் கல்லூரிப் பேராசிரியராகத்தான் இருப்பார் என்று நினைத்து அங்கிருந்து 'புரொபசர் ராமசாமி ஐயர்' என்று விலாசம் போட்டுக் கடிதம் வரும். அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ரெவின்யூ வேலைக்கு வந்த பிறகும் நண்பர்களுக்கு அவர் 'புரொபசர்'தான். பெயர் சூட்டியது தபால்காரர் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அவருடைய பிரச்சினையை யோசித்துப் பாருங்கள். குத்தியில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவில் என்ன கணிதம் நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளிநாட்டு இதழ்கள் விலை அதிகம். தனி ஆள் ஒன்றிரண்டுக்கு மேல் வாங்க முடியாது. அதனால் 1906 டிசம்பரில் நண்பர்களுக்கு ஒரு யோசனை எழுதினார். ஆளுக்கு வருடம் 25 ரூபாய் போடுவோம், சேர்ந்த பணத்தில் முக்கியமான இதழ்களையும் புத்தகங்களையும் வாங்குவோம், தபாலில் ஒருவர் மாற்றி ஒருவர் சுற்றுக்கு விடுவோம், கடைசியில் ஒரு நூலகத்தில் வைப்போம். யோசனை மொத்தமும் இதுதான். இருபது பேர் சேர்ந்தார்கள். 1907 ஏப்ரலில் 'அனலிடிக் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். அது சீக்கிரமே 'இந்தியக் கணித கிளப்' ஆகி, சில வருடத்தில் 'கழகம்' என்று கௌரவமாகிவிட்டது.

நூலகம் எங்கே வைத்தார்கள் தெரியுமா? சென்னையில் இல்லை. புனே ஃபெர்கூசன் கல்லூரியில். அங்கே முதல்வராக இருந்தவர் ஆர். பி. பராஞ்சபே, 1899-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் வாங்கிய முதல் இந்தியர். அவர் இடம் கொடுத்தார். சென்னை மாகாணத்து ஆட்கள் நிறைய இருந்த சங்கத்துக்கு நூலகம் மட்டும் ஏன் அவ்வளவு தூரத்தில் என்று படித்தபோது எனக்கும் உறுத்தியது. அப்புறம் பழக்கதோஷத்தில் ரயில் பாதையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அரக்கோணம், கடப்பா, குத்தி, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், புனே, பம்பாய். எல்லாம் ஒரே தடம்! புனேயில் ஏற்றிய பையைக் குத்தியில் இறக்கலாம், நடுவில் வேறு லைனுக்கு மாற்ற வேண்டியதில்லை. அதற்காகவே புனேவைப் பிடித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சார்ட்டிங் தெரிந்தவனுக்கு அது தூரமாகத் தெரியாது.

புக் போஸ்ட் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் திறந்த உறை, உள்ளே அச்சடித்த தாள் மட்டும், குறைந்த கட்டணம். உள்ளே கடிதம் வைத்தால் எங்களிடம் மாட்டிக்கொள்வார்கள். என் காலத்தில் இரவு ரயிலில் அந்தக் கட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும்போது, மேலே தெரிகிற தலைப்பைப் படித்துவிட்டுத்தான் போடுவேன். விதிப்படி அது தப்பா என்று தெரியாது, ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி கேட்க ஆளில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆள் ஒருவரும் ரயிலில் அரிக்கேன் வெளிச்சத்தில் ஏதோ ஜெர்மன் இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குத்திப் பையில் போட்டிருப்பார் என்று நானாகக் கற்பனை செய்துகொள்வதுண்டு.

1909-ல் கழகம் சொந்தமாக இதழ் தொடங்கியது. ஆசிரியர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார். அதில் கேள்வி-விடைப் பகுதி ஒன்று உண்டு. யாராவது ஒரு கணக்கைப் போடுவார்கள், வேறு ஊரில் இருப்பவர் விடை எழுதுவார், விடை எழுதியவர் பெயரோடு அச்சாகும். என்னைக் கேட்டால் சங்கத்தின் உயிர் அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. மாநாடு எல்லாம் பிறகு வந்தது. முதல் மாநாடு சென்னையில் நடந்ததே 1916-ல்தான். அதாவது சங்கம் பிறந்து ஒன்பது வருடம் கழித்து. அதுவரை எல்லாம் தபாலில்தான்.

திருக்கோவிலூர் கதை தனி. நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

தெற்கத்தி | புதன் காலை 7:05

அண்ணே நல்லா எழுதுறீங்க, ஆனா ஒன்று கேட்கணும். வருடம் 25 ரூபாய் என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 30. அப்படியென்றால் சந்தா கிட்டத்தட்ட ஒரு மாதக் கூலி. இதைச் சங்கம் என்பதைவிட டெபுடி கலெக்டர்களும் பேராசிரியர்களும் நடத்திய கிளப் என்பதுதான் சரி. பள்ளிக்கூட வாத்தியார் உள்ளே வந்திருக்க முடியுமா?

அப்புறம் கல்கத்தா கணிதக் கழகத்தையும் சொல்ல வேண்டாமா? 1908 செப்டம்பர், அசுதோஷ் முகர்ஜி. அதுவும் நம்ம ஆள் மாதிரி கணக்குப் பைத்தியம்தான், ஆனால் பெரிய இடத்துப் பைத்தியம்.

பழைய சார்ட்டர் | புதன் மதியம் 2:30

தெற்கத்தி தம்பி, அடித்தது சரியான இடத்தில்தான். கிளப்தான். பெயரிலேயே கிளப் என்று வைத்திருந்தார்களே. இருபது பேரில் ஏழை எளியவர் யாரும் இருந்திருக்க வழியில்லை. முதல் தலைவர் பி. ஹனுமந்த ராவ், சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கல்கத்தாவோடு வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். முகர்ஜி உயர் நீதிமன்ற நீதிபதி, பல்கலைக்கழகத் துணைவேந்தர் வேறு. அவருக்கு ஊருக்குள்ளேயே பல்கலைக்கழகம், கூடிப் பேச ஆட்கள், இடம். கல்கத்தா சங்கம் ஒரு நகரத்தின் சங்கம். இவர்களோ ஆளுக்கொரு மூலையில் கிடந்தவர்கள். ரெவின்யூக்காரனுக்கு எந்த வருடம் எந்த ஊர் டிரான்ஸ்பர் என்று அவனுக்கே தெரியாது. கூடிப் பேச முடியாதவர்கள் கண்டுபிடித்த வழி அது. அதனால்தான் எனக்கு இவர்கள் மேல் கொஞ்சம் பட்சபாதம்.

இப்போது திருக்கோவிலூர், டீச்சர். 1910. ஐயர் குத்தியிலிருந்து மாற்றல்கள் வாங்கி உங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். கும்பகோணத்துப் பையன் ஒருவன், எஃப்.ஏ. (அந்தக் கால இன்டர்மீடியட்) தேறாதவன், கல்யாணம் வேறு ஆகிவிட்டது, கக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கிறான். கேட்டது கணித உதவி இல்லை. தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று. ஐயர் நோட்டைப் புரட்டினார். கொடுத்திருக்கலாம், அவர் கையில் இருந்த வேலைதான். ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து இந்த மேதையை நசுக்க எனக்கு மனம் வரவில்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். வேலை கேட்டு வந்தவனுக்கு வேலை இல்லை என்று அனுப்புவது அவ்வளவு பெரிய உபகாரமா? அன்றைக்கு ராத்திரி அந்தப் பையன் என்ன நினைத்திருப்பான்? அடுத்து நடந்தது மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையில் ஐயரை நான் மன்னித்திருக்க மாட்டேன்.

அடுத்து நடந்தது என்ன? ஐயர் சும்மா அனுப்பவில்லை, சென்னையில் இருந்த கழக நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பி. வி. சேஷு ஐயர், கும்பகோணத்தில் ராமானுஜனுக்கே பாடம் எடுத்தவர், அப்போது சென்னைப் பிரசிடென்சி கல்லூரிக்கு வந்திருந்தார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். கழகத்தின் ஆரம்ப உறுப்பினர், நூலகம் அமைய உதவியவர், பின்னால் தலைவரும் ஆனார். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். தெற்கத்தி, உன் 25 ரூபாயைக் கவனி: சங்கத்துக்கு ஒரு வருடச் சந்தா, இந்தப் பையனுக்கு ஒரு மாதச் சாப்பாடு. அதற்கப்புறம் துறைமுகம். அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் யார் என்கிறீர்கள்? கழகத்தின் பொருளாளர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போன அந்தக் கடிதம் துறைமுக ஆபீஸிலிருந்துதான் போனது.

திருக்கோவிலூர், பிரசிடென்சி கல்லூரி, நெல்லூர் கலெக்டர், துறைமுகம். நான்கு கை மாறியிருக்கிறது. நான்கும் ஒரே சந்தாப் பட்டியலில் இருந்த கைகள். ஜெர்மன் இதழ்களைச் சுற்றுக்கு விட்டுப் பழகியவர்கள், ஒரு மனுஷனையே புக் போஸ்ட் மாதிரி அனுப்பிவைத்துவிட்டார்கள். கிளப்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளப்புக்கு வெளியே நின்றவனுக்கு உள்ளே இருந்தவர்கள் வழி விட்டார்கள்.

1911-ல், நிலையான வேலை எதுவும் இல்லாத அந்த ஆளின் கேள்வியைக் கழக இதழ் அச்சிட்டது. எண் 289. அதே வருடம் பெர்னூலி எண்கள் பற்றிய முதல் கட்டுரையும் வந்தது. அதைப் படிக்கிற மாதிரி ஆக்குவதற்குள் ஆசிரியர் நாராயண ஐயங்காருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முறை புதுசு, எழுத்து சுருக்கம், சாதாரண வாசகனால் பின்தொடரவே முடியாது என்று அவரே எழுதியிருக்கிறார். இருந்தும் தூக்கிக் கடாசவில்லை. அந்தப் பொறுமைக்கு யாராவது ஒரு சிலை வைக்கலாம்.

289-ஐ விளக்குகிற அளவுக்கு எனக்குக் கை வராது, இளையவர்கள் யாராவது எழுதுங்கள்.

முடிவிலி | புதன் இரவு 8:50

நான் எழுதுகிறேன் சார். எண் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்கிறேன், 289-ஐப் பத்தாம் வகுப்புக்குக் கூடச் சொல்லலாம்.

கேள்வி இப்படி: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))) என்று முடிவே இல்லாமல் போனால் மதிப்பு என்ன? இதழில் வந்து ஏறக்குறைய ஆறு மாதம் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே எழுதினார். விடை 3.

டீச்சர், பலகையில் இப்படிப் போடுங்கள். 3 என்பது √9. 9 = 1 + 8 = 1 + 2 × 4. அந்த 4 என்பது √16, அதாவது 1 + 3 × 5-இன் வர்க்கமூலம். அந்த 5 என்பது √25, 1 + 4 × 6-இன் வர்க்கமூலம். அந்த 6... பிள்ளைகளே தொடர்ந்துகொண்டு போவார்கள்.

ஆனால் இங்கேயே நிறுத்திவிடாதீர்கள், இதில் ஒரு பொறி இருக்கிறது. இதே வித்தையை 4-க்கும் செய்யலாம். 4 = √16, 16 = 1 + 2 × (15/2). 15/2-ஐ வர்க்கப்படுத்தி ஒன்றைக் கழித்து 3-ஆல் வகுத்தால் 221/12. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். அப்படியென்றால் விடை 4-ஆ? இல்லை. 3-க்குச் செய்யும்போது உள்ளே மிச்சமாக நிற்கிற எண் 4, 5, 6 என்று சாதுவாக ஏறுகிறது. 4-க்குச் செய்யும்போது 7.5, 18.4 என்று தாவுகிறது. உள்ளே இருப்பதை வெட்டிவிட்டால் முதல் வகையில் ஒன்றும் கெடாது, இரண்டாம் வகையில் எல்லாம் கெட்டுவிடும். விரித்துக் காட்டுவது மட்டும் நிரூபணம் ஆகாது என்பதைப் புத்திசாலிப் பிள்ளை ஒன்று கண்டிப்பாகக் கேட்கும், தயாராக இருங்கள்.

கால்குலேட்டர் கொடுத்து வெட்டி வெட்டிப் பார்க்கச் சொல்லலாம். √(1+2) போட்டால் 1.732. அடுத்தது 2.236. அதற்கடுத்து 2.560, பிறகு 2.755. மூன்றை நோக்கி ஊர்ந்துபோவது கண்ணுக்குத் தெரியும்.

அவர் அந்த இதழுக்கு மொத்தம் ஐம்பதுக்கு மேல் கேள்விகள் அனுப்பினார். எனக்குப் பிடித்தது 464, 1913-ல் வந்தது. 2-இன் அடுக்குகளில் 7-ஐக் கழியுங்கள். 8 − 7 = 1, 16 − 7 = 9, 32 − 7 = 25, 128 − 7 = 121. எல்லாம் முழு வர்க்கங்கள். அப்புறம் ரொம்ப தூரம் ஒன்றும் இல்லை, திடீரென்று பதினைந்தாவது அடுக்கில் 32768 − 7 = 32761, அது 181-இன் வர்க்கம். வேறு உண்டா என்று கேட்டிருந்தார். இல்லவே இல்லை என்று நார்வேயின் நாகெல் 1948-ல்தான் நிரூபித்தார். முப்பத்தைந்து வருடம்! இன்று ராமானுஜன்–நாகெல் சமன்பாடு என்று உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். பிறந்த இடம் ஒரு சந்தா இதழின் கேள்விப் பகுதி.

மூன்றாம் பெஞ்ச் | புதன் இரவு 10:15

பள்ளிக்கூட மன்றம் என்றால் டீச்சர் பார்க்க வேண்டியது 1965-ல் சென்னையில் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தை. அவர்கள் நடத்துகிற திறனறித் தேர்வை எட்டாம் வகுப்பில் எழுதியிருக்கிறேன். அந்த நிலைக்குக் கப்ரேக்கர் என்று பெயர். அவர் யார் என்று தெரியாமலே எழுதி, தெரியாமலே ஃபெயில் ஆனேன். பிறகுதான் தெரிந்தது, தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார், 6174 என்ற எண்ணின் விசேஷ குணத்தைக் கண்டுபிடித்து 1949-ல் சென்னைக் கணித மாநாட்டில் அறிவித்தவர். தெற்கத்தி கேட்ட 'வாத்தியார் உள்ளே வர முடியுமா' என்பதற்குப் பாதி பதில் அதில் இருக்கிறது.

மீதிப் பதில் இது. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி. கே. சீனிவாசன் என்று ஒரு கணக்கு ஆசிரியர். அங்கே 'எண் நண்பர்கள் சங்கம்' என்று ஒரு மாணவர் மன்றம் இருந்தது. ராமானுஜனின் கடிதங்களையும், அவரோடு பழகியவர்களின் நினைவுகளையும் இவர் தேடித் தேடிச் சேர்த்தார். 1968-ல் அதைப் புத்தகமாகப் போட்டது பெரிய பதிப்பகமோ பல்கலைக்கழகமோ அல்ல, அந்த மன்றத்தின் பழைய மாணவர் குழு. இன்றைக்கு ராமானுஜன் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தொடாமல் போக முடியாது.

பழைய சார்ட்டர் | வியாழன் காலை 6:20

முத்தியால்பேட்டை விஷயம் எனக்குப் புதுசு, நன்றி.

விட்டுப்போன ஒன்று. கழக இதழ் ஆராய்ச்சிக் கட்டுரைகளால் கனத்துப்போனபோது, மாணவருக்கும் ஆசிரியருக்கும் என்று 1933-ல் 'மேத்தமேடிக்ஸ் ஸ்டூடண்ட்' என்று இன்னொரு இதழைத் தொடங்கினார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஏ. நரசிங்க ராவ் ஆசிரியர். இரண்டு இதழும் இன்னும் வருகின்றன. புனேயில் இருந்த நூலகம் 1950-ஐ ஒட்டிச் சென்னை ராமானுஜன் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்துவிட்டது. அதாவது ராமானுஜனைத் திருக்கோவிலூரிலிருந்து கைமாற்றி அனுப்பியவர்களின் புத்தகங்கள், ராமானுஜன் பெயர் போட்ட கட்டடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. சேப்பாக்கத்தில்.

கணக்கு டீச்சர் | வெள்ளி இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. மாலை, மிட்டாய் இரண்டையும் விடவில்லை, ஹெச்.எம். விடமாட்டார். ஆனால் இன்று ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு அட்டைப் பெட்டி வைத்து 'கேள்வி எண் 1' என்று எழுதி 289-ஐ ஒட்டிவிட்டேன். சார்ட்டர் ஐயா ஞாபகமாக, மேலே சிவப்பு பெயின்ட்.

மாலைக்குள் ஐந்து சீட்டு விழுந்திருந்தது. மூன்றில் 'முடிவிலி' என்று எழுதியிருந்தது. ஒன்றில் 'டீச்சர் இது சிலபஸில் இல்லை'. ஒன்றில் 1.732, 2.236, 2.560, 2.755, 2.867 என்று எண்கள் மட்டும். கால்குலேட்டரில் ஒரு படி கூடுதலாகப் போயிருக்கிறது, பெயர் எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கையெழுத்து மாதிரி இருக்கிறது.

பழைய சார்ட்டர் | வெள்ளி இரவு 9:48

திங்கட்கிழமை ஆளைக் கண்டுபிடித்து, விடையைப் பலகையில் பெயரோடு போடுங்கள் டீச்சர். அந்த இதழில் அப்படித்தான் போட்டார்கள். அனுப்புநர் விலாசம் இல்லாத தபால் எனக்கு என்றைக்குமே ஆகாது.